ஆற்றோரக் குழு காலமானது

ஸயேச்சார், மே 4

அன்பு நெவெனா,

போனில் நாம் இருவரும் பேசுவதில்லை. நீ மூச்சு விடுவதை நான் கேட்கிறேன், நான் மூச்சு விடுவதை நீ கேட்கிறாய், நடுவில் போன் கம்பெனிக்காரன் பிழைக்கிறான். ஆகவே கடிதம். வெள்ளிக்கிழமை வியன்னா பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. தபாலை நம்பினால் நீ ரிட்டயர் ஆனபிறகுதான் வந்து சேரும்.

எழுதுகிறவன் மூன்று வருடத் தொழிற்படிப்போடு நிறுத்திக்கொண்ட பஞ்சர் கடைக்காரன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி.

அம்மா போனபிறகு இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அதுதான் தொந்தரவு. நீ வியன்னாவுக்குக் கிளம்பிய வாரமே குளிர்கால டயர் கழற்றுகிற கூட்டம் ஆரம்பித்துவிட்டது. நம் பாதிரியார் கார் வந்தது. நான்கு குளிர்கால டயரையும் கழற்றினேன். துடைத்தேன். அதே நான்கையும் திரும்ப மாட்டி அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்தார்.

"ஸ்வெதோமிர், கழட்டினதையே திருப்பி மாட்டியிருக்கியேப்பா."

"மன்னிச்சுக்குங்க சாமி. உங்களுக்காக வேண்டிக்கிட்டே மாட்டினேன், கவனம் போயிடுச்சு."

"வேண்டிக்கிறது என் வேலை. நீ டயரைப் பாரு."

துக்கமாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தலைமையாசிரியை வந்திருக்கிறாள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை உங்கள் ஆற்றோரக் குழுவுக்கு வழக்கம்போல மண்டபம் வேண்டுமா, அந்தக் குழு என்னதான் செய்கிறது என்று கேட்டாள். நான் சொன்னதை எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல்.

"ஆத்தோரக் கிராமங்கள்ல மட்டும் ஒரு கிட்னி நோய் வருதும்மா. நம்ம செர்பியா பக்கம், பல்கேரியா பக்கம், ருமேனியா பக்கம். நோய்க்கு பாஸ்போர்ட் கிடையாது, டாக்டருங்களுக்குத்தான் உண்டு. ஒவ்வொரு நாட்டுலயும் நோயாளிங்க கொஞ்சம் பேரு. எல்லாரோட மரபணுவையும் ஒரே குவியலா போட்டு கம்ப்யூட்டர்ல அலசினாத்தான் ஏதாவது தெரியும். அப்படி அலசறவங்களை நாலு நாட்டுலேர்ந்தும் என் பொண்ணு சேர்த்து வச்சா."

"மூணு நாடுதானே சொன்னீங்க?"

"நாலாவது, தெக்கே இருக்கற ஸ்கோப்யேக்காரங்க. அவங்ககிட்ட நோயாளி இல்ல. பெரிய கம்ப்யூட்டர் இருக்கு."

"ஏன் நம்ம ஊர்ல கூடணும்?"

"ஸ்கோப்யேக்காரங்க சோஃபியாவுக்குப் போக மாட்டாங்க. சோஃபியாக்காரங்க பெல்கிரேடுக்கு வர மாட்டாங்க. ஸயேச்சாரைப் பத்தி உலகத்துல யாருக்குமே எந்த அபிப்பிராயமும் இல்ல."

அவளும் இந்த ஊர்க்காரி. முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

பல்கேரியாவில் வ்ராட்ஸாவிலிருந்து உன் குழுவின் பிளாமென்கூட போன் செய்து விசாரித்தான். என்ன சொல்லட்டும்?

உன் அப்பன்,
ஸ்வெதோமிர்


வியன்னா, மே 16

அப்பா,

கடிதம் கிடைத்தது. சந்திப்பு இல்லை. மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சொன்னதில் தவறு இல்லை. கணினி உயிரியல் என்று நான் பத்துப் பக்கம் எழுதி விளக்குவதும் அதுதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. பிளாமென் வந்தால் ஸ்கோப்யேயின் ஸ்லாவ்கா வரமாட்டார். ஸ்லாவ்கா வந்தால் ருமேனியாவின் க்ராயோவாவிலிருந்து டோம்னிக்கா வருவதற்குள் ஸ்லாவ்கா கிளம்பிவிடுவார். கட்டுரையில் எந்த நாட்டின் பெயர் முதலில் என்று மூன்று வருடமாகச் சண்டை.

குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த ஆண்டு சந்திப்பு இல்லை என்று ஏப்ரலிலேயே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் கட்டுரை அனுப்பக் கடைசித் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் தனக்கு ஒவ்வொரு அஞ்சலும் இரண்டு முறை வருகிறது என்றார்.

குவியலை ஒன்றாக வைத்திருக்க மருத்துவமனைகள் தந்த அனுமதி டிசம்பரோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் நான்கு நாட்டிலிருந்தும் ஒவ்வொருவர் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போன தடவை நான் ஒவ்வொருவர் பின்னாலும் அலைந்து வாங்கினேன். இந்தத் தடவை அலையப்போவதில்லை. அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு அவை எதற்கும் பயன்படாத சின்னச் சின்னக் குவியல்கள். தெரியும். தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

இங்கே நிரந்தர வேலை தருகிறார்கள். கோழிக்கரு வளர்ச்சி பற்றியது. கோழிகளுக்கு எல்லைத் தகராறு கிடையாது.

நெவெனா


ஸயேச்சார், ஜூன் 10

நெவெனாக் கண்ணு,

மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை அதை உடனே நடன வகுப்புக்குக் கொடுத்துவிட்டாள். ஓய்வுபெற்றவர்களுக்கு டாங்கோ. என்னையும் சேரச் சொன்னாள். ஜாக்கியில் தூக்கினால்தான் என் இடுப்பு நகரும் என்றேன்.

கோழி வேலை நல்ல வேலை. பெற்றவனாக நான் அதைத்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். பஞ்சர்காரனாக ஒன்று கேட்கிறேன். டியூபில் ஐந்து ஓட்டை இருந்து நான்கை மட்டும் அடைத்தால், அந்த நான்குக்குப் பட்ட பாடு எதற்கு? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எனக்கே இது சரியான உதாரணமா என்று தெரியவில்லை.

பிளாமென் மறுபடி கூப்பிட்டான்.

"மாமா, குடும்பச் சூழ்நிலைன்னு எழுதியிருக்காளே, என்ன? கல்யாணமா?"

"அந்த மாதிரிதான்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"அப்போ லியுபிங்கா அத்தைக்குக் கை ஒழியாது. அவங்க சமையலுக்காகவாவது கூப்பிடுங்க மாமா, மண்டபம் இல்லேன்னா உங்க கடை வாசல்லயே உக்காந்துக்கறோம்."

போனை வைத்துவிட்டுச் சமையலறை பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் அங்கேதான் தூங்குகிறேன், படுக்கையறை வரை போவது வெளியூர் போவது மாதிரி இருக்கிறது. நெவெனா, அம்மா போனதை நீ அவர்களில் ஒருவருக்குக்கூடச் சொல்லவில்லையா? ஒவ்வொரு வருடமும் அவள் கையால் சாப்பிட்டவர்கள் அல்லவா?

ஆகஸ்டில் அரை வருட நினைவு நாள் வருகிறது. நீ வருவாயா? நான் வற்புறுத்தவில்லை. கேட்டேன்.

அப்பா


வியன்னா, ஜூலை 25

அப்பா,

சொல்லவில்லை. சொன்னால் வருத்தம் தெரிவிப்பார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதைச் செய்ய எனக்குச் சக்தி இல்லை.

நினைவு நாளுக்கும் வரமுடியாது. மன்னியுங்கள் என்று எழுதப் பார்த்தேன், அது உண்மையாகப் படவில்லை. வரமுடியாது, அவ்வளவுதான்.

நீங்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. அம்மா பிறந்து வளர்ந்தது மொராவா ஆற்றங்கரையில். அங்கே கோதுமை வயலில் ஆடுதீண்டாப்பாளை இனத்துக் களை ஒன்று கலந்து முளைக்கும். விதை மாவோடு சேர்ந்து அரைபடும். அந்த ரொட்டியைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முப்பது நாற்பது வருடம் கழித்துச் சிறுநீரகம் கெடுகிறது, சிலருக்குக் கட்டியும் வருகிறது. அந்தக் களை செல்லுக்குள் ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போகும். நாங்கள் தேடுவது அந்தத் தழும்பைத்தான். போன வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த கட்டியின் மரபணுத் தகவல் என்னிடம் வந்தது. அம்மாவே கேட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னது. நான் அதை இன்னும் திறக்கவில்லை. குவியலில் சேர்க்கவும் இல்லை. வேறு எல்லோருடையதையும் திறந்திருக்கிறேன்.

இப்போது ஒரு உதவி. மின்னஞ்சலைப் படிக்காமல் சிலர் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்பார்கள். கீழே உள்ளதை ஏதாவது ஒரு கடையில் அச்சடித்துப் பள்ளிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

"ஆற்றோரக் குழு ஆறு ஆண்டுகளுக்குப் பின் தன் செயல்பாடுகளை நிறுத்திக்கொள்கிறது. செப்டம்பர் சந்திப்பு இல்லை. உடன் உழைத்த அனைவருக்கும் நன்றி. நெவெனா."

இவ்வளவு போதும். எதையும் சேர்க்க வேண்டாம்.

நெவெனா


ஸயேச்சார், ஆகஸ்ட் 21

அன்பு நெவெனா,

நினைவு நாள் முடிந்தது. செத்தவர்களுக்கு வைக்கிற வழக்கப்படி கோதுமை அவித்துக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போனோம். பாதிரியார் நன்றாக ஓதினார், இப்போது கோடைக்கால டயரில் ஓடுகிறார். நான் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் பங்கையும் சேர்த்து அழுதாள்.

உன் அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டது. எப்படியும் அம்மாவின் அரை வருட நோட்டீஸ் அடிக்க மிலுட்டினிடம் போகவேண்டியிருந்தது. சவப்பெட்டிக் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். இரண்டையும் ஒரே நடையில் முடித்தேன்.

"யாரு?" என்றான். அவன் எல்லோரையும் முதலில் அதைத்தான் கேட்பான்.

"ஒண்ணு லியுபிங்கா. இன்னொண்ணு நெவெனாவோட குழு."

உன் வாசகத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தான். "செயல்பாடுகளை நிறுத்திக்கொள்கிறதுன்னு போட்டா எவன்டா நின்னு படிப்பான்? கரன்ட்டு ஆபீஸ் அறிவிப்பு மாதிரி இருக்கு. உருக்கமா நான் ரெண்டு வார்த்தை போடறேன், விடு. போட்டோ எங்க?"

"போட்டோ எதுக்கு?"

"போட்டோ இல்லாத தாளை இந்த ஊர்ல நாய்கூட மோந்து பார்க்காது."

நம் கொல்லையில் போன வருடம் எடுத்த படத்தைக் கொடுத்தேன். முட்டை வடிவ வட்டத்தில் ஒரு முகம்தான் பிடிக்கும் என்றான். குழுவின் முகம் நீதானே. அழகாக வந்திருக்கிறாய். பெயரைக் கடைசியில் போட்டால் எடுப்பாக இல்லை என்று படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான்.

சேர்க்க வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, எல்லாம் மிலுட்டின் சேர்த்ததுதான். பள்ளிக் கதவில் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று, நம் வேலியில் ஒன்று, பல்கேரியா ரோடு பிரிகிற கம்பத்தில் ஒன்று. ஒன்றுகூட உன் மனம் கோணாத மாதிரி நேராக ஒட்டினேன்.

அப்பா


வியன்னா, ஆகஸ்ட் 28

அப்பா,

வெள்ளிக்கிழமை பிளாமென் கூப்பிட்டான். நான் எடுத்து ஹலோ என்றேன். மறுபக்கம் ஒரு சத்தம் வந்தது. பிறகு அழுகை.

"யாரு பேசறது?" என்றான்.

"நெவெனா."

"நீ எப்படிப் பேசற?"

உங்கள் நோட்டீஸைச் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் தெரிவது கறுப்புக் கரை, மேலே சிலுவை, என் முகம், என் பெயர். சின்ன எழுத்தை யாரும் படிக்கவில்லை. படித்தாலும் அதில் "காலமானது" என்றுதான் இருக்கிறது. அப்பா, அது சாவு நோட்டீஸ். நான்கு நாட்டில் எனக்காக அழுதுகொண்டிருக்கிறார்கள்.

நேற்று முழுவதும் நான் சாகவில்லை என்று ஆள் ஆளாகப் போன் செய்து சொன்னேன். நினைத்ததைவிட நேரம் பிடித்தது. பாதியில் எனக்கே அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டோம்னிக்காவின் எண் மாறியிருக்கிறது. ஸ்லாவ்கா எடுக்கவில்லை.

தாளைப் பார்க்கும்போது உங்களுக்கு எதுவுமே தோன்றவில்லையா? தயவுசெய்து எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள்.

நெவெனா


ஸயேச்சார், செப்டம்பர் 6

நெவெனாக் கண்ணு,

தோன்றவில்லை. பிப்ரவரியிலிருந்து நான் பார்க்கிற தாளுக்கெல்லாம் கறுப்புக் கரைதான் இருக்கிறது. தாள் என்றால் அப்படித்தான் வரும் என்று நினைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே கிழிக்கப் போனேன். மிலுட்டின் பசையைப் பற்றி உனக்குத் தெரியாது, அவன் வியாபாரத்திலேயே உறுதியான சரக்கு அதுதான். பஸ் நிலையத்தில் கீழ்ப்பாதி மட்டும் வந்தது. விளக்கமெல்லாம் கிழிந்துபோய் உன் முகமும் சிலுவையும் மட்டும் மிஞ்சிவிட்டன. முன்னைவிட மோசம். ஒரு டயர் விளம்பரத்தை அதன்மேல் ஒட்டினேன்.

சனிக்கிழமை, உங்கள் குழு வழக்கமாகக் கூடுகிற அதே நாள், காலையில் கடை வாசலில் க்ராயோவா நம்பர் கார் ஒன்று வந்து நின்றது. டோம்னிக்கா இறங்கினாள். கறுப்பு உடை, கையில் வெள்ளைச் சாமந்தி. என்னைக் கட்டிக்கொண்டு, தெரிந்த அரைகுறை செர்பியனில் அழ ஆரம்பித்தாள்.

"அண்ணா, சின்னப் பொண்ணு அண்ணா. எப்படி அண்ணா?"

"அவ நல்லா இருக்காம்மா. வியன்னாவுல இருக்கா."

"மேலே இருக்கா, அண்ணா."

"இல்லம்மா. வியன்னாவுல. கோழி வேலை பார்க்கறா."

கொஞ்ச நேரம் என்னை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு போனில் உன் எண்ணைத் தேடி, நீ எடுத்ததும் இரண்டு நிமிடம் திட்டினாள். அதை நீயே கேட்டிருப்பாய். எனக்கு ருமேனியன் புரியாதது நல்லதாயிற்று. வைத்ததும் செய்த முதல் வேலை, சாமந்திக் கொத்திலிருந்து ஒரு பூவை உருவி என் சட்டைப் பையில் சொருகியது. செத்தவர்களுக்குத்தான் இரட்டைப் படையில் பூ. உயிரோடு இருப்பவளுக்கு அப்படிக் கொண்டுவந்தது பாவமாம்.

அப்புறம் வரிசையாக வந்தார்கள். நீ சாகவில்லை என்று தெரிந்தவர்களும் வந்தார்கள். பிளாமென் வண்டி நிறைய ஆட்களோடு வந்தான்.

"அவதான் உயிரோட இருக்கான்னு உனக்குத் தெரியுமேடா" என்றேன்.

"சாவுக்குன்னு லீவு வாங்கியாச்சு மாமா. பொழச்சுட்டான்னு திருப்பிக் கொடுத்தா மேலதிகாரி கோவிச்சுக்குவாரு."

நம் நாட்டு நிஷ்ஷிலிருந்து உன்னோடு வேலை பார்த்த பழைய ஆட்கள். சோஃபியாவிலிருந்து நான் பார்த்தே இராத இரண்டு பேர், ஆறு வருடமாகப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தவர்களாம். கடைசியாக ஸ்லாவ்கா, மடியில் அவித்த கோதுமைத் தட்டோடு ஸ்கோப்யேயிலிருந்து. காரிலிருந்து இறங்கியவள் பிளாமெனைப் பார்த்தாள். பிளாமென் அவளைப் பார்த்தான். வேறு எந்த வருடமாக இருந்தாலும் ஒருவர் திரும்பிப் போயிருப்பார். சாவு வீட்டிலிருந்து அப்படிப் போக முடியாதே. தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று டோம்னிக்கா அவளிடம் சொன்னாள்.

"சரி, செத்தது யாரு?" என்றாள்.

"நீங்கதான். உங்க குழு" என்றேன்.

"ஐயா, விளையாடாதீங்க. நெவெனா இல்லேன்னா வேற யாரு? லியுபிங்கா அம்மா எங்க, அவங்களையாவது கூப்பிடுங்க. எல்லை தாண்டி வந்திருக்கேன், ஒரு வாய் காப்பி கிடைக்குமா?"

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். கூப்பிடத்தான் திரும்பினேன், நெவெனா. வாய்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம் அவர்களைப் பார்த்துச் சொன்னேன், பிப்ரவரியில் போய்விட்டாள் என்று. ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பிளாமென் ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். "கல்யாணமான்னு கேட்டேனே மாமா" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

டோம்னிக்கா என் பையிலிருந்த பூவை எடுத்துக் கொத்தில் திரும்பச் சேர்த்தாள்.

எல்லோரும் கல்லறைக்குப் போனோம். கோதுமை இருந்தது, பிராந்தி இருந்தது, மண்ணில் ஊற்றிவிட்டுக் குடித்தோம். மூன்று மொழியில் ஒரே சொல்லைச் சொன்னார்கள், கடவுள் அவளை மன்னிக்கட்டும் என்று. எதற்கு மன்னிக்க வேண்டும், ரொட்டி சாப்பிட்டதற்கா என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. உன் கடிதத்தில் இருந்ததைக் கேட்டால் அவர்கள் தாங்குவார்களா என்றும் தெரியவில்லை. ஆனால் அவர்களுடைய வேலையே அதுதானே. மொராவாக்காரி, கிட்னி என்று நான் சொன்னதும் டோம்னிக்காவும் பிளாமெனும் ஸ்லாவ்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்லாவ்காதான் மெதுவாகக் கேட்டாள், "அவங்க தகவல் நம்மகிட்ட இருக்கா?" என்று. "நெவெனாகிட்ட இருக்கு" என்றேன்.

திரும்பி வந்து கடை வாசலில் டயர்களை அடுக்கி உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பாடு ஓட்டலிலிருந்து, மன்னிக்கக்கூடிய அளவுக்கு இருந்தது. இரண்டாவது கோப்பையிலேயே சண்டை ஆரம்பித்தது. பிளாமென் அந்த அனுமதித் தாளைக் கொண்டுவந்திருந்தான். நீ செத்துவிட்டாய் என்று நினைத்த அன்று ராத்திரியே அச்செடுத்து வைத்தானாம், இனி யார் அலைவார்கள் என்று. பல்கேரியா பெயரை முதலில் போட்டிருந்தான்.

"அகர வரிசை" என்றான்.

"எந்த மொழியோட அகர வரிசை?" என்றாள் ஸ்லாவ்கா.

"எழுத்தே எங்க ஊர்லேர்ந்துதான் வந்துது" என்றான் பிளாமென்.

"வாயை மூடு. சாப்பிட்ட வீட்ல வாயை மூடு."

நான் எழுந்து சொன்னேன், இது பஞ்சர் கடை, இங்கே ஜெனரலே வந்தாலும் வந்த வரிசைதான். முதலில் வந்தவள் டோம்னிக்கா. பிறகு டோம்னிக்கா பேனா கேட்டாள். அவள், அப்புறம் பிளாமென், அப்புறம் ஸ்லாவ்கா. கார் பானெட்டின்மேல் வைத்துப் போட்டார்கள். நம் நாட்டுக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. உன் பழைய ஆட்கள் போட மறுத்துவிட்டார்கள், அது உன் இடமாம். வந்த வரிசைப்படி நீ கடைசி.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். போடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உன்னைச் சாகடித்தவன் நான்.

அப்பா

இன்னொன்று. அடுத்த வருடம் வ்ராட்ஸாவில் கூடப்போகிறார்களாம். ஸ்லாவ்கா வருகிறேன் என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னாள்.


வியன்னா, நவம்பர் 5

அப்பா,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. தாள் மேஜையில் இருந்தது. தினமும் பார்த்தேன்.

வ்ராட்ஸாவில் கூடுவதை என்னைக் கேட்காமல் முடிவு செய்தது எனக்குக் கோபமாக இருந்தது. கோபம் என்று தெரியவே கொஞ்சம் நேரமாயிற்று, வெகு நாளாக வராதது. பிறகு யோசித்தேன். என்னைக் கேட்காமல் அவர்களே ஒன்றை முடிவு செய்ய வேண்டும் என்றுதானே ஆறு வருடம் பாடுபட்டேன்.

கோழி வேலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் ஊருக்குத் திரும்பி வரப்போவதில்லை, அப்பா. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தகவலைத் திறந்தேன். அதே தழும்பு. குவியலில் ஏற்கெனவே உள்ள வ்ராட்ஸா விவசாயிக்கும் இருந்தது, டோம்னிக்கா சேர்த்த நோயாளியான ஓர் ஆசிரியைக்கும் இருந்தது. வரைபடத்தில் ஒரே மாதிரி உயரும் கம்பங்கள். பெயர் தெரியாவிட்டால் எது அம்மா என்று என்னால் சொல்ல முடியாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குவியலில் சேர்த்தேன். அதன்பிறகு தாளில் கையெழுத்துப் போட்டேன், அதை ஸ்லாவ்காவுக்கு அனுப்பியாயிற்று. வேறு யாராவது அம்மாவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது. நான் மட்டும் பார்த்தால் போதாது.

அன்று மாலை சந்தையில் முட்டைக்கோஸ் பார்த்தேன். சார்மா செய்யலாம் என்று வாங்கிவந்தேன். அம்மா இலையில் சுருட்டும்போது அரிசியைப் பச்சையாக வைப்பாளா, அரைவேக்காடு செய்துகொள்வாளா? நான் எத்தனை தடவை பக்கத்தில் நின்றிருக்கிறேன். நினைவு வரவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

நெவெனா


ஸயேச்சார், நவம்பர் 27

அன்பு நெவெனா,

நீ வரப்போவதில்லை என்றதைப் படித்தேன். மறுபடி படித்தேன். சரி. சொன்னது நல்லது, வாசலைப் பார்த்துக்கொண்டு கழுத்து வலிக்காது.

அரிசி விஷயம் எனக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடம் சாப்பிட்டவன் நான், ஒருநாளும் எட்டிப் பார்த்தவன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன், பச்சை என்றாள். சந்தேகமாக இருந்ததால் பிளாமெனைக் கேட்டேன். அவன் நம் சமையலறையில் அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறானாம், எண்ணெயில் வதக்கி அரைவேக்காடு என்று சத்தியம் செய்தான். அதோடு விட்டிருக்கலாம். உங்கள் குழு முழுவதற்கும் அஞ்சல் போட்டுவிட்டான். உன் மின்னஞ்சலுக்கு இரண்டு பதில்தான் வந்தது என்றாயே. இதற்குச் சாயங்காலத்துக்குள் எல்லோரும் எழுதிவிட்டார்களாம். ஸ்லாவ்கா பச்சை. டோம்னிக்கா ஆவியில் வேகவைப்பது. சோஃபியாக்காரர்கள் இருவரும் அரிசியே கூடாது, உடைத்த கோதுமை என்று. அதற்கு ஸ்லாவ்கா எழுதியதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல பிளாமென் மறுத்துவிட்டான்.

நானும் முட்டைக்கோஸ் வாங்கினேன். இரண்டு சட்டி வைத்தேன். ஒன்றில் பச்சை அரிசி, ஒன்றில் வதக்கியது. இலை சுருட்டுவது டியூப் ஒட்டுவதைவிடக் கஷ்டம், பாதி பிரிந்துவிட்டது. நாள் முழுக்கக் கொதித்தது. வீடு அந்த வாசனையில் நிறைந்தபோது, எங்கே வைத்தேன் என்று தெரியாமல் இருந்தது வந்துவிட்டது. பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுது முடித்தேன். அடுப்பை அணைக்க மறக்கவில்லை.

பிறகு இரண்டு சட்டியிலிருந்தும் எடுத்து வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். எதுவும் அவள் செய்த மாதிரி இல்லை. இரண்டையும் சாப்பிட்டேன்.

அப்பா